சிவப்பு டேப்புக்கு இந்தப் பக்கம்

வாளி நிறைந்து வழிகிறது, அது நன்றாகக் கேட்கிறது, ஆனால் மக்கு சத்தம் கேட்கவில்லை. குளிக்கிற ஆள் என்றால் மோந்து ஊற்ற வேண்டும், ஊற்றினால் தண்ணி உடம்பில் பட்டு உடைந்து தரையில் விழும், மறுபடி மோக்கும்போது மக்கு வாளி விளிம்பில் இடிக்கும். இது அப்படி இல்லை. குழாயிலிருந்து வாளிக்கு, வாளியிலிருந்து தரைக்கு, ஒரே சத்தமாகப் போய்க்கொண்டிருக்கிறது, யாரோ குழாயை மூட மறந்துவிட்டுப் போன மாதிரி. ஆனால் ஆள் உள்ளேதான் இருக்கு. ரெஜினா சிஸ்டர் உள்ளே போனதை நான்தான் பார்த்தேன். கொரோனா வார்டின் பின்கதவு திறந்தது, தலை முதல் கால் வரை மூடின வெள்ளைக் கிட்டோடு வெளியே வந்தாங்க, முதுகில் மார்க்கர் பேனாவில் பெயர் எழுதியிருந்ததால்தான் இன்னார் என்று தெரிந்தது, இல்லாவிட்டால் கிட்டுக்குள் எல்லோரும் ஒரே ஆள்தான். சிஸ்டர் என்று கூப்பிட்டேன். என் குரல் எனக்கே கேட்டிருக்காது. டிரெஸ் கழற்றுகிற அறையில் நிற்கணும், கையுறை, கண்ணாடி, கிட்டு என்று ஒவ்வொன்றாகக் கழற்றி மஞ்சள் பையில் போடணும், அதற்கப்புறம்தான் குளிக்கப் போகணும், அப்படித்தான் எல்லோரும் போவாங்க, நேற்று வரை சிஸ்டரும் அப்படித்தான் போனாங்க. இன்றைக்கு நிற்கவே இல்லை. கிட்டோடு, கண்ணாடியோடு நேராகப் பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திட்டாங்க. குழாய் திறந்தது. அவ்வளவுதான். எனக்கும் அந்தக் கதவுக்கும் நடுவில் தரையில் ஒட்டின சிவப்பு டேப்பு. அந்தப் பக்கம் அழுக்கு, இந்தப் பக்கம் சுத்தம். கிட்டு போடாமல் அந்தப் பக்கம் கால் வைத்தால் மறுபடியும் காலேஜ் ஹாஸ்டலில் கொண்டுபோய் அடைத்துவிடுவார்கள், மறுபடியும் மூக்கில் குச்சி, மறுபடியும் வாரக்கணக்கில் ஜன்னல் கம்பி. ரெண்டு வாரமாக வார்டுக்குள் போகாமல் இந்தப் பக்கத்து வேலையே பார்த்ததால் நான் இன்றைக்குச் சுத்தம். பத்து மணி வாக்கில்தான் சொன்னார்கள், செல்வி உனக்கு ஒன்றும் இல்லை, வேனில் ஊருக்குப் போகலாம், பிள்ளையைப் போய்ப் பார் என்று. தலைக்குக் குளித்து, இவ்வளவு நாளும் பைக்குள்ளேயே கிடந்த சேலையைக் கட்டி, பாப்பாவுக்கு வாங்கின கிலுகிலுப்பையை ஒரு கவரில் போட்டு எடுத்துக்கொண்டு, சிஸ்டர் காலையில் கொடுத்து வைத்த டப்பாவைத் திருப்பிக் கொடுத்து ஒரு வார்த்தை சொல்லிக்கொண்டு போகலாம் என்று வந்தேன். சிஸ்டருக்கு இது எதுவும் தெரியாது. சொல்லாமல் போயிருக்கலாம். போயிருந்தால் இந்நேரம் வேனில் ஜன்னல் ஓரமாக உட்கார்ந்திருப்பேன், இந்தத் தண்ணிச் சத்தம் என் காதில் விழுந்திருக்காது.

இந்த வேலைக்கு வந்த புதிதில் யாரும் என்னோடு பேசவில்லை, நானும் யாரோடும் பேசவில்லை. எட்டாவதோடு நின்றவள், ஆஸ்பத்திரி என்றால் பிள்ளை பெறப் போனதுதான். என் வீட்டுக்காரவுக வேலை பார்த்த ஓட்டலை மூடிட்டாங்க, ஒப்பந்தக்காரர் வார்டுக்கு ஆயா வேலைக்கு ஆள் எடுக்கிறார் என்றதும் அத்தைதான் போயிட்டு வா, பிள்ளையை நான் பார்த்துக்கிறேன், பாட்டிலுக்குப் பழக்கிடலாம் என்றாங்க. பிள்ளையைப் பழக்கலாம். என் உடம்பை யார் பழக்குவது. கிட்டுக்குள் வேர்வை ஒரு பக்கம் ஊற்றும், வார்டில் யாராவது முனகினால் போதும், மார் கல்லாகிவிடும், கொஞ்ச நேரத்தில் நனைந்துவிடும். முனகுவது மீசை வைத்த பெரிய மனுஷனாக இருக்கும், உடம்புக்கு அதெல்லாம் தெரியவில்லை, அழுகை என்றால் அதற்கு ஒரே அழுகைதான். வலி தாங்காமல் சுவரைப் பார்த்து நின்றேன். இத்தனை மூடின துணிக்குள் இருப்பதை யார் பார்க்கப்போகிறார்கள் என்று நினைத்தேன், நின்ற நிற்பை வைத்தே கண்டுபிடித்துவிட்டாங்க ரெஜினா சிஸ்டர். காதோரம் வந்து, பால் கட்டிருக்கா என்று கேட்டாங்க. தலையை மட்டும் ஆட்டினேன். டூட்டி முடிந்ததும் இதே பாத்ரூமில் வெந்நீர்த் துணியை ஒத்தி ஒத்தி எப்படிப் பீய்ச்சி எடுப்பது என்று சொல்லிக்கொடுத்தாங்க. என் பிள்ளையின் பால் வாஷ்பேசின் ஓட்டையில் போவதைப் பார்த்து நான் அழுதேன். சிஸ்டர் சொன்னாங்க, “அழுவாதடி, இந்த ஆஸ்பத்திரியிலேர்ந்து இன்னைக்கி நல்லபடியா வெளிய போனது இது ஒண்ணுதான்.” எனக்கு அழுகையோடு சிரிப்பும் வந்துவிட்டது. அப்படித்தான் பேசுவாங்க. ஒரு நாள் ஹெட் சிஸ்டர் எல்லோரையும் தள்ளித் தள்ளி நாற்காலியில் உட்காரவைத்து டிவியில் ஒரு டாக்டரம்மாவைக் காட்டினாங்க. நர்சுகள் தங்கள் மனசையும் கவனித்துக்கொள்ள வேண்டும் என்று அந்தம்மா பேசினாங்க, மூச்சை இழுத்து மெதுவாக விடணும், பிடித்த பாட்டுக் கேட்கணும், பச்சையாக இருக்கிற இடத்தில் கொஞ்ச நேரம் நடக்கணும், மனசுக்குப் பிடித்தவர்களோடு தினமும் பேசணும். மூக்கு மேல் மாஸ்க் அழுத்தின புண்ணோடு சிஸ்டர்மார்கள் தலையாட்டினாங்க, பாதிப்பேர் உட்கார்ந்தபடியே தூங்கினாங்க. ரெஜினா சிஸ்டர் என் பக்கம் குனிந்து, பிணவறைக்குப் பின்னால் சீமைக்கருவேலம் பச்சைப்பசேல் என்று நிற்கிறது, வாறியாடி நடப்போம் என்றாங்க. நான் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டேன். அப்போதுகூட மனசுக்குப் பிடித்தவர்கள் என்ற பேச்சுக்கு அவுங்க ஒன்றும் சொல்லவில்லை. சிஸ்டருக்குக் கல்யாணம் ஆகவில்லை. வாடகை வீட்டுக்காரர் பெட்டி படுக்கையை வாசலில் எடுத்து வைத்துவிட்டார், அண்ணன் வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருக்கு, இப்போ வரவேண்டாம் என்று போனில் சொல்லிட்டாங்க. அதையும் ஒரு தமாஷ் மாதிரிதான் சொன்னாங்க. தமாஷ் சொல்கிற ஆளுக்கு ஒன்றும் ஆகாது என்று நானும் நம்பிக்கொண்டிருந்தேன். தண்ணி இன்னும் வழிகிறது. கதவுக்கு அடியில் கசிந்து வெளியே வர ஆரம்பித்துவிட்டது.

ஒரு மனுஷன் செத்தாரே, அந்த நாளிலிருந்து தமாஷ் இல்லை. வார்டில் மூச்சு விட முடியாதவர்களைக் குப்புறப் படுக்கவைப்பார்கள், அப்படிப் படுத்தால் நெஞ்சுக்குள் காற்று நல்லாப் போகுமாம். குப்புறப் படுத்த ஆம்பளைகள் எல்லாம் ஒன்றுபோலத்தான் இருப்பார்கள், பின்மண்டை, முதுகு, வெள்ளைப் போர்வை, பக்கவாட்டில் ஒரு ரப்பர்க் குழாய். காலையில் சிஸ்டர் வார்டு போனைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு வீட்டுக்கும் முகம் தெரிகிற மாதிரி போன் போடுவாங்க, வீட்டு ஆட்கள் பார்த்துப் பேசுவார்கள், அது அந்த வார்டில் இவுங்களாக உண்டாக்கின வழக்கம், மேலே யாரும் செய்யச் சொல்லவில்லை. அன்றைக்கும் தனபாக்கியம் என்கிற அக்காவுக்குப் போட்டாங்க. அந்தக்கா வீட்டுக்காரர் மூலைக் கட்டிலில் இருந்தவர். முந்தின ஷிப்டில் மூலையில் ஆக்சிஜன் சரியாக வரவில்லை என்று அவரைப் பக்கத்துக் கட்டிலுக்கும் பக்கத்து ஆளை மூலைக்கும் மாற்றியிருக்கிறார்கள். சிஸ்டருக்கும் சொல்லித்தான் இருந்தார்கள். ஆனால் கண்ணாடிக்குள் ஆவி அடித்துப்போயிருந்தது, மூன்று பேர் பார்க்கிற வேலையை ஒரு ஆளாகப் பார்த்த நாள் அது, கை தன்னால் பழைய மூலைக்குப் போய்விட்டது. போனை அந்த முதுகுக்குப் பக்கத்தில் பிடித்தாங்க. அந்தக்கா பேசினாங்க. ஏங்க, கேக்குதாங்க என்று ஆரம்பித்து, முருங்கை காற்றில் முறிந்தது, மகள் பரீட்சையைப் போனிலேயே எழுதினாள், உங்கள் நீலச் சட்டையை நான் இன்னும் துவைக்கவே இல்லை, அப்படியே கொடியில் கிடக்கு, அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் தூங்குகிறேன் என்று, ஒரு பொம்பளை புருஷனிடம் மட்டும் சொல்கிறதையெல்லாம் சொன்னாங்க. நான் துடைப்பத்தோடு வெட்கப்பட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டேன். அந்த முதுகு ஆள் ஒரு விரலை அசைத்தார். அந்தக்கா பார்த்துவிட்டு, அசைச்சுட்டாரு சிஸ்டர், அசைச்சுட்டாரு என்று அழுதாங்க. அப்போதுதான் பக்கத்துக் கட்டில் மிஷின் கத்த ஆரம்பித்தது. பேச்சை நிறுத்திப் போனைக் கையில் பிடித்தபடியே ஓடினாங்க, டாக்டர் வந்தார், ஆளைப் புரட்டினார்கள். முகம் தெரிந்தது. சிஸ்டர் அந்த முகத்தைப் பார்த்தாங்க, மூலைக் கட்டிலைப் பார்த்தாங்க, கையில் இருந்த போனைப் பார்த்தாங்க. பெண்டாட்டி குரல் கை எட்டுகிற தூரத்தில் வேறொரு முதுகோடு பேசிக்கொண்டிருக்க, அந்த மனுஷன் போய்விட்டார். கேட்டிருப்பாரா. என்னைத் தவிர யாரோடு பேசுகிறாள் என்று நினைத்திருப்பாரா. கேட்காமலே போயிருந்தால் நல்லது என்று நான் அன்றைக்கு முழுக்க வேண்டிக்கொண்டேன், எனக்கு யார் அவர், முகம் பார்த்ததே அப்போதுதான். சாயங்காலம் சேதி சொன்னபோது அந்தக்கா கத்தவில்லையாம். பேசிட்டேன் சிஸ்டர், எனக்கு அது போதும், விரலை அசைச்சுக் காட்டிட்டுத்தானே போனாரு என்றாங்களாம். மூலைக் கட்டில்காரர் பிழைத்துக்கொண்டார். அவருக்குப் போன் போட யாருமில்லை. சாதா வார்டுக்கு மாற்றின அன்றைக்கு, அன்னைக்கி ஒரு அம்மா நல்லாப் பேசுச்சே, அது யாரு சிஸ்டர் என்று கேட்டாராம்.

சிஸ்டர் இதை யாரிடமும் சொல்லவில்லை, என்னிடம் மட்டும்தான், அதுவும் கை கழுவிக்கொண்டே, சோப்பு நுரையைப் பார்த்துக்கொண்டே. அந்தக்கா தினமும் சிஸ்டரின் சொந்த போனுக்குக் கூப்பிடுகிறாங்க. விரலை எப்படி அசைத்தார் என்று இன்னொரு தடவை சொல்லச் சொல்கிறாங்க. உண்மையைச் சொன்னால் அந்தக்காவிடம் இருக்கிறது அது ஒன்றுதான், அதையும் பிடுங்கினதாகிவிடும். பொய்யைத் தினமும் சொல்கிறவங்க வாய்க்கு என்ன ஆகும். சாப்பாட்டைப் பிரித்து வைத்துவிட்டு அப்படியே மூடி வைத்தாங்க. இன்றைக்குக் காலையில் டூட்டிக்குள் போகும்போது வழக்கம்போல நகைநட்டும் போனும் கழற்றி டிபன் டப்பாவில் போட்டுக் கொடுத்தாங்க, எல்லா சிஸ்டர் டப்பாவும் என்னிடம்தான் இருக்கும். சிலுவை வைத்த மெல்லிசுச் சங்கிலி. டப்பாவை மூடும்போது, இதை நீயே வச்சுக்கோ செல்வி, எனக்குப் போதும் என்றாங்க. நான் தமாஷ் என்று சிரித்தேன். எதற்குப் போதும். எது போதும். வெளியே வரும்போது வலது கை மூடியிருந்ததா, வார்டில் மருந்து டிரே பக்கம் போனாங்களா, இல்லை சும்மா விரலை மடக்கி வைத்திருந்தாங்களா. சும்மாதான் இருக்கும். அலுப்பில் உட்கார்ந்திருப்பாங்க. தண்ணிச் சத்தத்தில் அழுதால் யாருக்கும் கேட்காது, நானும் அப்படி அழுதிருக்கிறேன் அதே பாத்ரூமில். ஹெட் சிஸ்டரைக் கூப்பிடலாம், முன்பக்கம் இருக்காங்க, நடந்தால் போய்விடலாம். போன மாசம் ஒரு சின்ன சிஸ்டர் வார்டில் உட்கார்ந்து அழுததற்கு மேலே எழுதி அனுப்பி வீட்டுக்குப் போகச் சொன்னார்கள், இப்போது அந்தப் பிள்ளை பெயரைச் சொன்னாலே எல்லோரும் நெற்றிக்குப் பக்கத்தில் விரலைச் சுற்றிக் காட்டுகிறார்கள். என்னையும் அப்படி ஆக்கிடாதடி, யார்கிட்டயும் வாயத் திறக்காத என்று ரெஜினா சிஸ்டர் என்னிடம் சத்தியம் வாங்கியிருக்காங்க. கூப்பிட்டு ஒன்றும் இல்லை என்றால் அவுங்க மானத்தை நான் வாங்கினதாகும். கூப்பிடாமல் ஏதாவது என்றால். கிட்டு போட்டுக்கொண்டு போகலாம் என்றால் ஸ்டோர் பூட்டியிருக்கு, ஸ்டோர்க்காரர் சாப்பிடப் போய்விட்டார். அப்போ டேப்பைத் தாண்டணும். தாண்டினால் பாப்பா இல்லை. நேற்று போனில் பார்த்தபோது அத்தை கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டது, அம்மாவைப் பாரு, அம்மாவைப் பாரு என்று அத்தை திருப்பத் திருப்ப அது அத்தையையே பார்த்து ம்மா என்றது. அத்தை சிரித்தாங்க. அத்தை சிரித்ததில் தப்பில்லை. இன்னும் ரெண்டு வாரம் போனால் அது என்னைப் பார்த்து அழும், அதற்கப்புறம் அழக்கூடச் செய்யாது, யாரோ ஒரு அக்கா வந்திருக்கு என்று பார்க்கும். நான் ஒருத்திதான் பார்க்கணும் என்று என்ன இருக்கு இந்த ஆஸ்பத்திரியில். வேறு யாராவது இப்போது இந்த வழியாக வரக்கூடாதா. யாரும் வரவில்லை. சாப்பாட்டு நேரம்.

டப்பாவுக்குள் போன் மணி அடித்து அதிர்ந்தது. என் கையிலேயே ஒரு உயிர் துள்ளின மாதிரி இருந்தது, டப்பாவைக் கீழே போட்டிருப்பேன். திறந்து பார்த்தால் தனபாக்கியம் என்று பெயர் வருகிறது. நின்றது. மறுபடியும் வந்தது. உள்ளே கேட்டிருக்கும், கேட்டும் தண்ணிச் சத்தம் அப்படியே இருக்கு, ஒரு அசைவு இல்லை, செல்வி எடுத்துச் சொல்லு என்று ஒரு குரல் இல்லை. நான் யாருடைய போனையும் எடுத்ததில்லை. என் போன் வந்தாலே அவுகளிடம் நீட்டிவிடுவேன். விரல் தன்னால் பச்சையை இழுத்துவிட்டது. நான் ஹலோ சொல்வதற்குள் அந்தக்கா பேச ஆரம்பித்துட்டாங்க, சிஸ்டர், இன்னைக்குக் காரியம் முடிஞ்சுது சிஸ்டர், வந்தவங்க எல்லாரும் கடைசியா முகத்தக்கூடப் பார்க்க விடலையேன்னு அழுறாங்க, நான் அழல சிஸ்டர், நான் சொன்னேன், எங்கிட்டப் பேசிட்டுத்தான் போனாருன்னு சொன்னேன், இங்க அவரு அக்கா நம்ப மாட்டேங்குறாங்க, போனை ஸ்பீக்கர்ல போட்டுருக்கேன், நீங்களே ஒரு வார்த்தை சொல்லுங்க. பின்னால் ஆட்கள் பேச்சு அடங்குவது கேட்டது. எத்தனை பேர் அந்தப் போனைச் சுற்றி நிற்கிறார்களோ. சிஸ்டர் தினம் தினம் இப்படித்தான் நின்றிருப்பாங்க, இந்தப் போனைக் காதில் வைத்துக்கொண்டு, இந்த மாதிரி ஒரு அமைதி எதிர்ப்பக்கம் காத்துக்கொண்டிருக்க.

“விரல அசைச்சாருல்ல, சிஸ்டர்?”

“ஆமாக்கா. அசைச்சாரு.”

என் குரல்தான். இத்தனை பேருக்கு முன்னால் நான் பேசினதே இல்லை. அந்தப் பக்கம் ஒரு வயசான பொம்பளை ஓவென்று அழுதாள், தனபாக்கியம் அக்கா, பாத்தீங்களா, பாத்தீங்களா என்றாங்க, போன் நின்றது. வாய்க்குள் ஒரு துருப்பிடித்த ஆணியை வைத்துக்கொண்டிருப்பது போல இருந்தது. ஒரு தடவைக்கே இப்படி. ஒரு தடவைக்கே இப்படி என்றால், என்று நினைத்தேன், அதற்கு மேல் நினைக்கவில்லை. டப்பாவையும் கவரையும் சுவரோரமாக வைத்தேன். சேலையைத் தூக்கிச் செருகினேன். டேப்பைப் பார்க்காமல்தான் தாண்டினேன், பார்த்திருந்தால் கால் எழும்பியிருக்காது. தண்ணி கணுக்கால் நனைய நின்றது. கதவைத் தட்டினேன், இந்த முறை நல்ல சத்தமாக, சிஸ்டர் என்று நல்ல சத்தமாக. பதில் இல்லை. தோளைக் கொடுத்துத் தள்ளினேன், அவ்வளவு பலம் தேவைப்படவில்லை, உள்ளே போய் விழப்பார்த்தேன். தாழ்ப்பாளே போடவில்லை. இவ்வளவு நேரமும் கதவு சும்மாதான் சாத்தியிருந்தது.

சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தாங்க. கிட்டோடு, கண்ணாடியோடு, காலை நீட்டிக்கொண்டு, வழிகிற தண்ணி தொடை மேல் விழுந்து ஓடுகிறது. கண்ணாடிக்குள் வெள்ளையாக ஆவி, கண் திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்று தெரியவில்லை. வலது கை மூடியிருந்தது. நான் மண்டியிட்டு அந்தக் கையைப் பிடித்து விரலைப் பிரித்தேன், ஒவ்வொரு விரலாக, ரப்பர் உறைக்கு மேலாக. உள்ளே ஒன்றும் இல்லை. நெஞ்சு ஏறி இறங்குகிறது. குழாயை மூடினேன். சத்தம் நின்றதும்தான் அவுங்க மூச்சு கேட்டது.

“நான் ஒண்ணும் பண்ணலடி,” என்றாங்க மாஸ்க்குக்குள்ளிருந்து. “பண்ணிக்கக்கூடத் தெம்பு இல்ல. கழட்டுறதுக்குக் கை தூக்க முடியல, அவ்வளவுதான்.”

அப்புறம், கழற்றினால் உள்ளே நான்தானே இருப்பேன் என்றாங்க. பிறகுதான் என்னைப் பார்த்திருக்கணும். ஏய், கிட்டு எங்க, அறிவிருக்கா உனக்கு, இப்படியே வந்திருக்க என்று திட்ட ஆரம்பிச்சாங்க. பழைய குரல் ஒரு கால்வாசி இருந்தது அதில். திட்டட்டும் என்று இருந்தேன். வெறுங்கையால் கண்ணாடியைக் கழற்றினேன், மாஸ்க்கைக் கழற்றினேன், மூக்கு மேல் புண் வெளுத்து ஊறிப்போயிருந்தது. கிட்டின் ஜிப்பை இழுத்தேன், வெந்நீர் அண்டாவைத் திறந்த மாதிரி சூடு வந்து முகத்தில் அடித்தது. உள்ளே இருந்த பச்சைச் சட்டை தோலோடு ஒட்டியிருந்தது. ஒரு கையை உருவி, மறு கையை உருவி, பாப்பாவுக்குச் சட்டை கழற்றுவது மாதிரிதான், தலை நிற்காமல் என் தோளில் விழுந்தது. கனமாக இருந்தாங்க. தனபாக்கியம் அக்கா கூப்பிட்டாங்க என்று சொன்னேன். தோளில் இருந்த உடம்பு விறைத்தது. நான் எடுத்துச் சொல்லிட்டேன், அசைச்சாருன்னு சொல்லிட்டேன், இனிமே அந்தக்கா கூப்பிட்டா நானும் எடுப்பேன், மாத்தி மாத்தி எடுப்போம் என்றேன். சிஸ்டர் அழுதாங்க, சத்தம் போட்டு, பிள்ளைகள் அழுகிற மாதிரி மூச்சு இழுத்து இழுத்து. நான் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தேன். ஆஸ்பத்திரி முன்பக்கமிருந்து வேன் ஹார்ன் அடித்தது. கொஞ்சம் விட்டு மறுபடி அடித்தது, யாரையோ தேடுகிற மாதிரி நீளமாக. சிஸ்டர் தலையைத் தூக்காமலேயே கேட்டாங்க.

“யாருக்குடி வண்டி நிக்கிது?”

“யாருக்கோ, சிஸ்டர். நீங்க கைய நீட்டுங்க.”